மணவுறவும் பிரசாவுரிமையும்: புசல்லாவைப் பகுதியை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் பிரசாவுரிமைப் பிரச்சினை, பெரும்பாலும் ஒப்பந்தங்களினதும் எண்களினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை இலட்சம் பேர் எந்நாட்டுக்கு என்பதே அவ்வரலாற்றின் மையக் கேள்வியாக அமைந்தது. இவ்வெண்களினுள்ளே மற்றொரு கேள்வி மறைந்து கிடக்கின்றது. கடல் கடந்து மணமகளாய் வந்த ஒருத்தி, தன் கணவனுடைய வீட்டில் வாழ்வதற்கு யாருடைய அனுமதியைப் பெறவேண்டும்? மனைவி என்னும் உறவும் அந்நியர் என்னும் சட்டநிலையும் ஒருத்தியிடத்தே எவ்வாறு ஒன்றுசேர்ந்தன? புசல்லாவைப் பகுதித் தோட்ட மக்களின் அனுபவத்தை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பளையிலிருந்து நுவரெலியா செல்லும் பெருவீதியில் அமைந்துள்ள புசல்லாவை, இலங்கைப் பெருந்தோட்ட வரலாற்றின் தொடக்க காலத்தோடு தொடர்புடைய இடமாகும். வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841 ஆம் ஆண்டளவில் இங்கு றொத்சைல்ட் தோட்டத்தைத் தொடங்கினர். அக்காலத்தில் இங்குப் பயிரிடப்பட்டது கோப்பியாகும். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்களுட் பெரும்பாலோர் ஆண்கள். 1869 ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்து தேயிலை தழைத்தபோது இந்நிலை மாறிற்று. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியது. அத்தொழிலுக்குப் பெண்களின் கைகள் இன்றியமையாதனவாயின. எனவே குடும்பங்கள் வந்தன. லயத்துக் காம்பிராக்களில் அடுப்புகள் எரியத் தொடங்கின. வந்துபோகும் தொழிலாளரை நிலைத்து வாழும் சமூகமாக மாற்றியவள் பெண்ணே எனின் அது மிகையாகாது. அவளுடைய வதிவே பின்னர் ஐயத்துக்கு உள்ளாயிற்று என்பதுதான் இவ்வரலாற்றின் முரண்பாடு.

தோட்டத்தில் நிலைத்த பின்னரும் ஊரோடிருந்த மணத்தொடர்பு அறுந்துவிடவில்லை. தாய்மாமன் மகளையோ அத்தை மகளையோ ஊருக்குச் சென்று மணமுடித்து அழைத்துவருதல் வழக்கமாயிருந்தது. 1914 ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவை தொடங்கியபின் இப்போக்குவரத்து எளிதாயிற்று. மணமகள் வருவதும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வதும், பிள்ளையோடு திரும்புவதும் ஒரே வாழ்க்கையின் பகுதிகளாகவே கருதப்பட்டன. கடலின் இக்கரையும் அக்கரையும் இரு வேறு நாடுகளாயினும், அவை இரண்டும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. ஆகவே ஒரு பெண் புகுந்த வீட்டுக்கு வருவதற்குத் தன் குடியுரிமையை நிரூபிக்க வேண்டிய தேவை அன்று எழவில்லை.

முதலாவது தடை இந்தியப் பக்கத்திலிருந்தே வந்தது. இலங்கையில் இந்திய ஊழியர் வேலைநீக்கம் செய்யப்பட்டதையடுத்து, 1939 ஆகத்து மாதத்தில் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. அதைத் தொடர்ந்து உலகப்போர் மூண்டது. 1942 ஏப்பிரலில் கொழும்பின் மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது, இலங்கையிலிருந்த இந்தியர் பலர் தம் குடும்பத்தினரைப் பாதுகாப்புக் கருதி ஊருக்கு அனுப்பிவைத்தனர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஈண்டுக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது என்பது யாவரும் அறிந்ததே. அதே ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. முன்னையது, யார் இந்நாட்டவர் எனக் கூறிற்று. பின்னையது, இந்நாட்டவரல்லாதார் எவ்வாறு உள்வரலாம், எவ்வளவு காலம் தங்கலாம் என வகுத்தது. அன்றிலிருந்து ஊரிலிருந்து வரும் மணமகளுக்குத் தாலி மட்டும் போதவில்லை. கடவுச்சீட்டும் விசாவும் வேண்டியதாயிற்று.

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் பதிவு மூலம் பிரசையாவதற்கு வழிவகுத்தது. மணமானோர் 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன் 7 ஆண்டுகளும், மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வதிந்திருக்கவேண்டும். மணமான ஆணொருவன் தன் வதிவோடு மனைவியின் வதிவையும் நிறுவவேண்டியவனானான். ஒருமுறை நாட்டை விட்டு நீங்கியிருந்த காலம் 12 மாதங்களுக்கு மேற்பட்டால், வதிவு முறிந்ததாகக் கொள்ளப்பட்டது.

இவ்விதியை வகுத்தோர் பக்கத்து நியாயத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். ஒருவன் தன் மனைவி மக்களை எங்கு வைத்திருக்கின்றானோ அதுவே அவன் நிலையான வாழ்விடம் என்பது அவர்தம் வாதம். பொதுவாக நோக்கின் இது பொருந்தாத வாதமன்று. ஆனால், மணமானோருக்குரிய அந்த ஏழாண்டுகள் யாவை? 1939 முதல் 1945 வரையுள்ள ஆண்டுகளே அவை. பிரயாணத் தடையும் போரும் குடும்பங்களைப் பிரித்துவைத்த அதே காலத்தையே குடும்ப ஒற்றுமைக்குரிய அளவுகோலாகச் சட்டம் தெரிந்துகொண்டது. மேலும், பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றவள் நாட்டை விட்டுச் சென்றவளாகக் கணிக்கப்பட்டாள்.

எங்கள் குடும்பத்திலே இதற்கு ஒரு சான்று உண்டு. என் பூட்டி துறையூர்ப் பக்கத்திலிருந்து புசல்லாவைக்கு மணமுடித்து வந்தவர். 1943 இல் தலைப்பிரசவத்துக்கு ஊர் சென்றார். பிறந்த பிள்ளைக்கு நோய் கண்டது, கப்பலேறுவதும் எளிதாயிருக்கவில்லை. திரும்பி வந்தபோது பதினான்கு மாதங்கள் கழிந்திருந்தன. அந்த இரண்டு மாதங்களே பின்னர் பூட்டனுடைய விண்ணப்பத்தை வீழ்த்தின. "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் வந்தேன், அதற்குமேல் எப்படி வருவது?" என்று பூட்டி இறக்கும்வரை கூறுவாராம். அக்கேள்விக்குரிய விடையை என் பல்கலைக்கழகக் கல்வியிலும் நான் இன்னும் காணவில்லை.

இச்சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கும் காலம் 1951 ஆகத்து 5 ஆம் திகதியுடன் முடிவுற்றது. ஏறத்தாழ 825,000 பேரை உள்ளடக்கிய விண்ணப்பங்களின் முடிவில் பதிவு பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. எஞ்சியோரின் எதிர்காலத்தை 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், 150,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இணங்கப்பட்டது. 1974 ஆம் ஆண்டில் அவர்களும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் நிறைவுறுமுன், 1964 திசெம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. மணமகள்மார் வந்த துறை மறைந்தது. திரும்பிச் செல்வோர் இராமேஸ்வரத்தில் இறங்கினர்.

இவ்வொப்பந்தம் மணவுறவில் ஏற்படுத்திய விளைவு முன்னையதினும் நுட்பமானது. முன்னர் வெளிநாட்டு மனைவி எனப்பட்டவள் கடல் கடந்து வந்தவள். இப்பொழுதோ அடுத்த லயத்தில் பிறந்தவளே வெளிநாட்டு மனைவியாகக்கூடிய நிலை தோன்றிற்று. தந்தை இந்தியாவுக்கு விண்ணப்பித்தமையால் ஒருத்தி இந்தியப் பிரசையாகிறாள். அயற்காம்பிரா இளைஞன் இலங்கைப் பிரசையாகிறான். ஒரே மலையில் கொழுந்தெடுத்து, ஒரே கோயில் திருவிழாவில் கூடிய இவ்விருவரும் மணந்துகொண்டால், மனைவி கணவன் வீட்டில் விசாவின் பேரில் வாழ்பவளாகிறாள். இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றோர் புறப்படும் வரை இலவசமாக விசாப் பெறவும், வேலையிலிருந்தோர் 55 வயது வரையோ புறப்படும் வரையோ, எது முந்தியதோ அதுவரை, தொழில் செய்யவும் ஒப்பந்தம் இடமளித்தது. எனினும் அது போவதற்கு முன்னுள்ள தவணையேயன்றி வாழ்வதற்கான உரிமையன்று.

அத்தகைய தம்பதியர் முன் எளிய வழி எதுவும் இருக்கவில்லை. கணவன் தன் உரிமையைக் கைவிட்டு மனைவியோடு கப்பலேறலாம். மனைவி விசா நீடிப்பை நாடி அலுவலகப் படிகளில் ஏறி இறங்கலாம். அன்றேல் இருவரும் பிரிந்து வாழலாம். பிள்ளைகளின் நிலை மேலும் சிக்கலானது. 1948 ஆம் ஆண்டுச் சட்டம் வம்சாவளிப் பிரசாவுரிமையைத் தந்தை வழியாகவே கணித்தது. ஆகவே இலங்கைப் பிரசையான பெண் இந்தியக் கடவுச்சீட்டுடையவனை மணந்தால், அவள் பெற்ற பிள்ளை அவள் பிறந்த மண்ணிலேயே அந்நியமாயிற்று. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் கடவுச்சீட்டுப் பெற்று, தலைமன்னார்க் கோச்சியேறிய குடும்பங்கள் பல. அவர்களை வழியனுப்பியவர்கள் அழுதது தூரத்துக்காக மட்டுமன்று. உறவின் ஒரு பாதி வேறு நாடாகிவிட்டதற்காகவுமாம்.

1984 ஆம் ஆண்டில் கப்பற் சேவை நின்றபோது, கடவுச்சீட்டுப் பெற்றும் செல்லமுடியாத பலர் தோட்டங்களிலேயே தங்கினர். இந்தியாவுக்கு விண்ணப்பித்தோர் தொகை ஏறத்தாழ 506,000 ஆகவே இருந்தமையால், குறைவாயிருந்த 94,000 பேருக்கு 1986 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைப் பிரசாவுரிமை வழங்க வழிசெய்தது. 1988 ஆம் ஆண்டில் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டது. இறுதியில் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததியினருக்கும் கதவைத் திறந்தது. அதே ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தாய் வழியாகவும் பிரசாவுரிமை கிடைப்பதற்கு இடமளித்தது. மணத்தின் பேரில் எழுந்த இரு தடைகளும் ஓராண்டிலேயே தளர்ந்தமை குறிப்பிடத்தக்கது.

இன்றும் இலங்கைப் பிரசையை மணந்து இந்தியாவிலிருந்து வருபவள், வதிவிட விசாப் பெற்றே வாழ்வைத் தொடங்குகின்றாள். ஓராண்டு தொடர்ந்து வதிந்தபின் வாழ்க்கைத்துணை என்ற வகையில் பதிவுப் பிரசாவுரிமை கோரச் சட்டம் இடந்தருகின்றது. ஒரு நாடு தன் எல்லையைக் காப்பது தவறன்று. போலித் திருமணங்களைக் கண்டறிவதும் அரசின் கடமையே. ஆயின் திருமணத்துக்குச் சான்று கேட்கும்போது, அம்மக்களின் திருமணம் எவ்வாறு நடந்தது, பிள்ளை எங்கே பிறந்தது, எக்காரணத்தால் அவள் பயணம் தடைப்பட்டது என்பவற்றையும் விளங்கிக்கொள்ளும் கண் சட்டத்துக்கு வேண்டும்.

புசல்லாவைத் தோட்டங்களிலே பழைய காம்பிராக்களில் இன்னும் சில தகரப் பெட்டிகள் உள. எங்கள் வீட்டுப் பெட்டியிலே பூட்டியின் பிரயாணப் பத்திரமும், பிள்ளையின் பிறப்புச் சான்றும், பயனற்றுப்போன விண்ணப்பத்தின் படியொன்றும் ஒன்றாகக் கட்டி வைக்கப்பட்டுள்ளன. தமக்கு எப்போதோ எவரோ அவற்றைக் கேட்கக்கூடும் என்று எண்ணியே எம் முன்னோர் அவற்றைப் பேணினர். கேட்பதற்கு இன்று அதிகாரிகள் எவருமில்லை. வரலாறு பயிலும் நாமாவது கேட்போமாக.