முழங்கால் தசைநார் மறுசீரமைப்புக்குப் பின் மூட்டின் நீண்டகால நலம்

கபடி ஆடுகையில் கால் திரும்பியோ, இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தோ முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிவது இளம் வயதினரிடையே பரவலாகக் காணப்படுகிறது. பேச்சுவழக்கில் இதனை ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்பர். அறுவை சிகிச்சை முடிந்து, ஊன்றுகோலின்றி நடக்கத் தொடங்கியதும் சிகிச்சை நிறைவடைந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். இது தவறு. அறுவை சிகிச்சை மூட்டின் உறுதியை மீட்டுத் தருகிறது. பிற்காலத் தேய்மானத்திலிருந்து முழுப் பாதுகாப்பு அளிப்பதில்லை. அப்பாதுகாப்பு பெரிதும் உங்கள் கையிலேயே உள்ளது.

புதிய தசைநாரில் நிகழ்வது என்ன?

கிழிந்த தசைநாருக்குப் பதிலாக, பெரும்பாலும் உங்கள் தொடையின் பின்புறத் தசையிலிருந்தோ முழங்கால் சில்லின் கீழிருந்தோ எடுக்கப்பட்ட நாண் பொருத்தப்படுகிறது. தொடக்கத்தில் அதற்கு இரத்த ஓட்டம் இல்லை. முதல் சில மாதங்களில் அது வலுவிழந்து, பின்னரே படிப்படியாக உறுதி பெறுகிறது. இதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ஆனால் வலி சில வாரங்களிலேயே குறைந்துவிடும். வலி இல்லை என்பதால் மூட்டு தயாராகிவிட்டது எனக் கொள்ளலாகாது.

மூட்டுத் தேய்மானம் ஏன் ஏற்படுகிறது?

தசைநார் கிழியும் அதே கணத்தில் குருத்தெலும்பும் அதனடியிலுள்ள எலும்பும் அடிபடுகின்றன. அதிர்ச்சி தாங்கும் பிறைவடிவக் குருத்தெலும்பும் பலருக்குக் கிழிகிறது. அதன் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்தால் தேய்மான வாய்ப்பு மேலும் கூடும். இக்காயங்களுக்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்குப் பின், சில ஆய்வுகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் வரை தேய்மானம் காணப்பட்டுள்ளது. எனினும், எக்ஸ்ரே படத்தில் தேய்மானம் தெரிபவர் அனைவருக்கும் வலி இருப்பதில்லை.

விளையாட்டுக்கு எப்போது திரும்பலாம்?

குறைந்தது 9 மாதங்கள் காத்திருத்தல் நலம். 2016-இல் வெளியான நார்வே ஆய்வொன்றில், 9 மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மறுகாய வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. நாட்கணக்கு மட்டும் போதாது. தொடையின் முன்தசை வலிமை மறுகாலினதில் 90 விழுக்காட்டையேனும் எட்டியிருத்தல் வேண்டும். 25 வயதுக்குட்பட்டோர் கூடுதல் கவனம் கொள்க. நலமாக இருந்த மறுகாலிலும் தசைநார் கிழியக்கூடும்.

தொடர்ந்து பின்பற்ற வேண்டியவை

• இயன்முறை மருத்துவர் கற்பித்த தொடை, இடுப்புத் தசைப் பயிற்சிகளை இடையில் நிறுத்தாதீர்கள். தசையே மூட்டின் கவசம்.
• உடல் எடையைக் கட்டுக்குள் வையுங்கள். எடை மிகுந்தவர் 1 கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது.
• நடை, மிதிவண்டி, நீச்சல் ஆகியவை மூட்டுக்கு உகந்தவை.
• குந்தி அமர்தல், சம்மணமிடுதல் ஆகியவற்றை மருத்துவர் அனுமதித்த பின்னரே தொடங்குங்கள். பிறைவடிவக் குருத்தெலும்பில் தையல் இடப்பட்டிருந்தால் இதற்குக் கூடுதல் காலம் ஆகலாம்.
• வலி மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி நெடுநாள் உட்கொள்ளாதீர்கள். இரைப்பையும் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள்

• மூட்டு மீண்டும் மீண்டும் வீங்குதல்
• நடக்கையில் முழங்கால் நழுவுதல் அல்லது மடக்க, நீட்ட இயலாது சிக்கிக்கொள்ளுதல்
• காலை முழுமையாக நீட்ட இயலாமை

காய்ச்சலுடன் மூட்டு சிவந்து வீங்கினாலோ, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாரங்களில் கெண்டைக்காலில் வலியும் வீக்கமும் தோன்றினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கெண்டைக்கால் வீக்கத்துடன் மூச்சுத்திணறலும் ஏற்பட்டால் உடனடியாக 108-ஐ அழையுங்கள்.

ஆண்டுகள் பல கடந்த பின்னரும் பயிற்சியைத் தொடங்கலாம். அதற்குக் காலம் கடந்துவிடுவதில்லை. அரசு மருத்துவமனையின் எலும்பு மூட்டு சிகிச்சைப் பிரிவுக்குச் செல்கையில், பழைய அறுவை சிகிச்சைக் குறிப்பேட்டைத் தவறாது எடுத்துச் செல்லுங்கள்.