மூன்று குரலில் ஓர் இசை மரபு: வீட்டுக் கணினி விளையாட்டுகளின் தொடக்ககால இசை

இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் இசைவாணரையும் இசை நூல்களையும், அவற்றைப் புரந்த அரசவைகளையும் கோயில்களையுமே பெரும்பாலும் சான்றாகக் கொள்வர். கருவியைச் செய்தவன் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. கருவியின் குறைபாடு ஓர் இசை மரபின் பிறப்புக்கே காரணமாகலாம் என்ற உண்மையோ அதனினும் அரிதாகவே பேசப்படுகின்றது. 1980களில் மேனாட்டு இல்லங்களிற் புகுந்த சிறு கணினிகளுக்கென ஆக்கப்பட்ட விளையாட்டு இசை இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். சிறுவர் பொழுதுபோக்கின் பின்னணி ஓசையெனத் தொடக்கத்திற் கருதப்பட்ட அவ்விசை, இன்று நூலகங்களிற் பேணப்படும் நிலையை எய்தியுள்ளது.

இவ்விசை தோன்றி வளர்ந்த ஆண்டுகளில் வன்னிப் பெருநிலப்பரப்பு அதனைப் பெரிதும் அறிந்திருக்கவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுபட்டிருந்தன; 2009இன் பின்னரே அவ்விணைப்பு மீண்டது. வானொலிக்கு வேண்டிய உலர் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்தன. அந்நாள்களில் மக்கள் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தரும் சிறிதளவு மின்னைக்கொண்டு செய்தியும் பாடலும் கேட்டனர். சுழற்றும் கை ஓய்ந்தால் வானொலியின் குரல் மங்கும். ஒலிநாடாவாயின் பாடலின் சுருதியே இறங்கிவிடும். இசை என்பது அதனைத் தரும் பொறியோடு எத்துணை நெருக்கமாகப் பிணைந்தது என்பதைக் கையால் உணர்ந்த நிலம் இது. ஆகவே, குறைந்த வசதியைக்கொண்டு இசை செய்தோரின் வரலாறு இந்நிலத்தவர்க்கு அந்நியமானதன்று.

வீட்டுக் கணினியின் இசையாற்றல் ‘சிப்’ என வழங்கும் சிறு மின்னணுச் சுற்றொன்றில் அடங்கியிருந்தது. ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட ஏவை-3-8910 என்ற சிப் சதுர அலைகளாலாகிய மூன்று குரல்களையும் ஓர் இரைச்சலையும் மட்டுமே எழுப்பவல்லது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எஸ்என் 76489 சிப்பும் ஏறக்குறைய அதே ஆற்றலுடையது. கைவினைஞன் ஒருவனிடம் மூன்று துளையிட்ட குழல்களையும் ஒரு கிலுகிலுப்பையையும் கொடுத்து முழுக் கச்சேரி செய்யச் சொன்னால் எவ்வாறிருக்குமோ, அன்றைய இசையமைப்பாளரின் நிலையும் அவ்வாறே இருந்தது.

இதனினும் வறியது, 1982 ஏப்பிரலில் பிரித்தானியாவில் வெளிவந்த சின்கிளேயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினி. விலை குறைவாயிருக்க வேண்டும் என்பதற்காக அதில் ஒலிக்கெனத் தனிச் சிப் எதுவும் பொருத்தப்படவில்லை. இருந்தது ஒரு சிறு ஒலிபெருக்கி மட்டுமே. அதனை இயக்குவதும் நிறுத்துவதுமாகிய இரண்டே நிலைகளை மையச் செயலி மாறி மாறி ஏவ, அவ்வேகத்திலிருந்தே சுரம் பிறந்தது. செயலி இசையிலே ஈடுபட்டிருக்கும்வரை விளையாட்டை நடத்த இயலாது. அதனால் இசை பெரும்பாலும் முகப்புத் திரையோடு நின்றுவிட்டது. 1983இல் மத்தியூ சிமித் ஆக்கிய ‘மனிக் மைனர்’ விளையாட்டு, ஆட்டத்தின் இடைவெளிகளில் சுரங்களைத் துண்டு துண்டாகப் புகுத்தி, நோர்வே இசைஞர் கிரீக்கின் மெட்டொன்றை இடைவிடாது ஒலிக்கச் செய்தது. சில ஆண்டுகளின் பின் டிம் ஃபொலின் அதே ஒற்றை ஒலிபெருக்கியில், ஓசைத் துடிப்புகளை மிக நுண்ணிய கால அளவுகளிற் பின்னிப் பல குரல்கள் ஒருங்கே ஒலிப்பதுபோன்ற இசையை எழுப்பினார். 1987இல் வெளிவந்த ‘குரோனோஸ்’ விளையாட்டின் முகப்பிசை இதற்குச் சான்றாகும்.

இத்துறையிற் பெருந்திருப்பத்தை ஏற்படுத்தியது 1982 ஆகஸ்ட்டில் விற்பனைக்கு வந்த கொமடோர் 64 கணினியாகும். அதன் ஒலிச் சிப்பாகிய ‘சிட் 6581’ஐ மொஸ் டெக்னோலஜி நிறுவனத்தில் 1981இல் வடிவமைத்தவர் றொபேட் யான்னஸ். அன்றிருந்த ஒலிச் சிப்புகள் இசையறியாதோராற் செய்யப்பட்டவை என்பது அவருடைய கருத்து. அவர் நாடியது விளையாட்டுக்கான ஓசைப்பெட்டியை அன்று. முழுமையான இசைக் கருவியையே. சதுரம், முக்கோணம், வாட்பல், இரைச்சல் என நான்கு அலைவடிவங்கள். ஒவ்வொரு சுரமும் எழுந்து, தணிந்து, நிலைத்து, ஓயும் பாங்கினை வகுக்கும் வசதி. ஓசையின் நிறத்தை மாற்றும் வடி ஆகியவை அதில் அமைந்தன. பல குரல்களை அமைக்க அவர் முதலிற் கருதியிருந்தார். காலம் போதாமையால் ஒரே அமைப்பை மும்முறை படியெடுத்து மூன்று குரல்களோடு நிறுத்தினார். ஓர் இசை மரபின் இலக்கணமாகப் பின்னர் அமைந்த ‘மூன்று’ என்ற எண், பொறியியலாளர் ஒருவரின் நேர நெருக்கடியால் வந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

கருவி அமைந்தது, அதனை வாசிப்பவர் யார்? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவரின் தகுதிகளைத் தனித்தனியே வகுத்துரைக்கின்றது. கொமடோர் 64இன் இசையரங்கில் இவர்களுட் பலருடைய பணியும் ஒருவர்மீதே சுமந்தது. சுரத்தைப் புனைபவரும் அவரே. தாளத்தை அமைப்பவரும் அவரே. அதற்கும் மேலாக, அச்சுரங்களைச் சிப்புக்கு உணர்த்தும் நிரலைப் பொறிமொழியில் எழுதுபவரும் அவரே. இங்கிலாந்தின் ஹல் நகரில் 1955இற் பிறந்த றொப் ஹபாட், தொழில்முறை இசைவாணராயிருந்து தாமே நிரலாக்கம் பயின்றவர். பெல்ஃபாஸ்ட்டில் 1966இற் பிறந்த மாட்டின் கோல்வே பதின்ம வயதிலேயே இத்துறையிற் புகுந்தவர்.

இவர்கள் கண்ட உத்திகள் வறுமையின் பிள்ளைகள். மேனாட்டிசைக்கு ஒத்திசைவு இன்றியமையாதது. பல சுரங்கள் ஒரே வேளையில் ஒலிக்க வேண்டும். மூன்று குரல்களையும் அதற்கே செலவிட்டால் மெட்டுக்கும் தாளத்துக்கும் இடமில்லை. எனவே ச, க, ப என்னும் மூன்று சுரங்களை ஒரே குரலிலே மாறி மாறி அதிவிரைவில் ஒலிக்கச் செய்தனர். ஐரோப்பியத் தொலைக்காட்சித் திரை செக்கனுக்கு 50 தடவை புதுப்பிக்கப்படுவதால் இசை நிரலும் செக்கனுக்கு 50 தடவை இயங்கிற்று. அவ்வேகத்தில் மாறும் சுரங்களைச் செவி தனித்தனியே பிரித்தறியாது, நடுங்கும் ஒரே ஒலிக்கூட்டமாகக் கேட்கும். கோல்வே இவ்வுத்தியைப் பெரிதும் கையாண்டார். முரசொலிக்கும் தனிக்குரல் இல்லை. முதற் கணத்தில் இரைச்சல், அடுத்த கணங்களில் விரைந்து தாழும் சுரம் என அமைத்து, மெட்டு ஓயும் இடைவெளியில் அதே குரலைக்கொண்டு முழவடிக்கச் செய்தனர். ஒரு கையால் ஆர்மோனியமும் மறு கையால் தாளமும் கொண்டு கதை நடத்தும் கலைஞனின் சாதுரியம் இது.

இவ்வாறு பிறந்தவற்றுள் இன்றும் ஆர்வலர் விரும்பிக் கேட்பன பல. ஹபாட் 1985இல் ‘மொன்டி ஒன் த ரன்’ விளையாட்டுக்கு அமைத்த இசை ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீள்வது. துரத்தலின் பதைப்போடு தொடங்கிப் பல திருப்பங்களைக் கண்டு தனியாவர்த்தனம்போல விரிவது. கோல்வே 1987இல் ‘விஸ்போல்’ விளையாட்டுக்குத் தந்த இசை, மின் கித்தாரின் நெளிவுகளைச் சுரத்தின் வழுக்கலாலேயே காட்டுவது. அதே ஆண்டில் பென் டக்ளிஷும் அந்தோனி லீசும் ‘த லாஸ்ட் நிஞ்சா’வுக்கு ஆக்கிய இசை அமைதியும் அச்சமும் கலந்தது. இவ்விளையாட்டுகள் பாட்டுக் கேட்கும் அதே ஒலிநாடாக்களில் விற்கப்பட்டவை. கணினியில் ஏற்றுவதற்குப் பல நிமிடங்கள் செல்லும். அக்காத்திருப்பை நிரப்பவும் இசை எழுந்தது. 1986இல் வந்த ‘சங்ஷன்’ விளையாட்டின் ஏற்றவேளை இசை, விளையாட்டைவிடப் புகழ்பெற்றது எனலாம்.

கருவியோடு இவ்விசை கொண்ட உறவின் ஆழத்தைச் சிட் சிப்பின் ஒரு குறைபாடு தெளிவாகக் காட்டுகின்றது. ஒலியின் அளவை மாற்றும்போதெல்லாம் அச்சிப் மெல்லிய ‘டக்’ என்ற ஓசையை எழுப்பிற்று. இது வடிவமைப்பில் நேர்ந்த வழு. இவ்வழுவை மிக விரைவாக மீள மீளத் தூண்டினால், பதிவுசெய்த முரசொலியையும் மனிதக் குரலையும்கூட எழுப்பலாம் என்பதை நிரலாளர் கண்டுகொண்டனர். மூன்று குரற் கருவிக்கு நாலாவது குரல் இவ்வாறு வாய்த்தது. பின்னர் வந்த திருத்திய சிப்பாகிய 8580இல் அவ்வழு பெரும்பாலும் நீக்கப்பட்டது. நீங்கவே, பழைய இசையின் முரசுகள் புதிய கணினியிற் கேளாத அளவுக்கு மெலிந்தன. மேலும், பழைய சிப்புகளின் வடிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை. ஒரே இசை ஒரு வீட்டில் ஒருவிதமாகவும் மறு வீட்டில் வேறுவிதமாகவும் ஒலித்தது. இவ்விசைக்குச் சுரக்குறிப்பு மட்டும் போதாது. கருவியும் வேண்டும், அதுவும் குறிப்பிட்ட கருவியே வேண்டும்.

இளமையில் விளையாடியோரின் ஏக்கமே இவ்விசைக்குப் பெருமை தருகின்றது என வாதிடுவாரும் உளர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மையுண்டு. ஆயின் ஏக்கம் ஒரு தலைமுறையோடு கழிவது. இவ்விசையோ அதனைக் கடந்துள்ளது. 2019இல் ஹபாட் பிறந்த ஹல் நகரிலேயே கொமடோர் 64 இசைகள் முழு வாத்தியக் குழுவினரால் வாசிக்கப்பட்டன. 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் முதன்முதலாக ஒரு விளையாட்டு இசையைச் சேர்த்தது. கோஜி கொண்டோ 1985இல் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்கு அமைத்த மெட்டே அது. கொமடோர் நிறுவனம் 1994இல் முறிவுற்றபோது சிட் இசைக்குக் காப்பாளர் இல்லாதிருந்தனர். ஆர்வலரே 50,000இற்கு மேற்பட்ட இசைகளைத் திரட்டி, ஆக்கியோர் பெயரும் ஆண்டும் குறித்துத் தொகுத்தனர். சிப்பின் இயல்பையும் வழுக்களையும் அளந்து, புதிய கணினிகளில் அதனைப் போன்மை செய்யும் நிரல்களையும் எழுதினர்.

இந்தியாவிலும் இவ்வகைக் கருவிகள் கால்கொண்டன. 1984-85இல் இந்திய அரசு தொடங்கிய பாடசாலைக் கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ், முன்னர்க் குறித்த எஸ்என் 76489 சிப்பைக் கொண்ட பிபிசி மைக்ரோ கணினிகள் சுமார் 250 பாடசாலைகளுக்கு வழங்கப்பட்டன. அங்கே அவை கல்விப் பொறிகளாகவே கருதப்பட்டன. ஆயின் இசையின்பால் நின்ற முயற்சியொன்று அதற்கு முன்பே பெங்களூரில் நிகழ்ந்தது. பொறியியலாளரும் குழலிசை பயின்றவருமாகிய ஜி. ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் மின்னணுத் தம்பூராவை உருவாக்கினார். மேனாட்டார் மின்சுற்றில் ஒத்திசைவைத் தேடினர். இவர் சுருதியைத் தேடினார். மின்சுற்றுக்குத் தாய்மொழி இல்லை. அதனை ஆள்பவரின் இசையே அதன் மொழியாகின்றது. யான்னஸைப் போன்றே இவரும் இசையறிந்த கருவியாளர் என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவாக, இவ்வரலாறு வன்னிக்கு உணர்த்துவது யாது என நோக்கலாம். முல்லைத்தீவுப் பகுதியிலே வழங்கிவரும் கோவலன் கூத்தில் அண்ணாவியார் ஒருவரே ஆட்டம் பழக்குபவர். மெட்டுச் சொல்லிக் கொடுப்பவர். மத்தளத்தோடு களரியை நடத்துபவர். அரங்கேற்று காதையின் பணிகள் பல ஒருவரிடம் ஒன்றுசேர்ந்த நிலை இங்கும் உண்டு. கூத்தின் பாடல் கொப்பியில் இருக்கும். மெட்டும் தாளக்கட்டும் அண்ணாவியாரின் நெஞ்சிலும் விரலிலுமே இருக்கும். மத்தளத்தின் பதமும் அதனை வாரால் இறுக்கும் முறையும் எந்தக் கொப்பியிலும் இல்லை. 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின்போது வன்னி மக்கள் உடைமைகளைக் கைவிட்டு மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். கொப்பிகளும் ஒலிநாடாக்களும் வாத்தியங்களும் வழிநெடுகக் கைவிடப்பட்டன. அவற்றை அறிந்தவர்களுட் பலரும் மீளவில்லை.

நாற்பது ஆண்டுகட்கு முன் விற்கப்பட்ட விளையாட்டுப் பொருளொன்றின் மூன்று குரல்களை, அதன் வழுக்களோடு சேர்த்துக் காப்பதற்கு ஓர் ஆர்வலர் கூட்டம் இருந்தது. அவர்களிடம் பெரும் பொருளோ அரச ஆணையோ இருக்கவில்லை. பெயரையும் ஆண்டையும் கருவியின் இயல்பையும் எழுதிவைக்கும் பொறுமையே இருந்தது. பல்கலைக்கழகங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நிலைகொண்டுள்ள இக்காலத்தில், எஞ்சியுள்ள அண்ணாவிமாரின் மெட்டுகளை மட்டுமன்றி அவர்தம் கருவிகளின் செய்முறையையும் கேட்டெழுதிப் பதிவுசெய்வது மாணவர் செய்யக்கூடிய பணியே. அது தாமதிக்கக்கூடிய பணியன்று. சிப்புக்குப் போன்மை எழுதலாம். மறைந்த அண்ணாவியாருக்கு எழுத இயலாது.