சீட்டில் ஒரு வரி

பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, ஊர், சமயம். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் இவற்றை ஆண்டுதோறும் எழுதியவன் நான். இவற்றுள் ஒரு வரி ஓர் உயிரைக் குடிக்கக்கூடும் என்று அன்று நான் எண்ணியதில்லை. மத்தியதரைக் கடலின் கீழைக் கரையிலுள்ள லெபனான் நாட்டில் அவ்வாறே நிகழ்ந்தது.

பதினெட்டுச் சமயப் பிரிவினர் வாழும் சிறு நாடு அது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் 1932-இல் எடுத்த மக்கட்டொகைக் கணக்கில் கிறித்தவர் சற்று மிகுதியாகக் காணப்பட்டனர். 1943-இல் விடுதலை பெற்ற நாடு, அக்கணக்கையே ஆதாரமாகக் கொண்டு, சட்டமன்ற இடங்களைக் கிறித்தவருக்கு ஆறு, முஸ்லிம்களுக்கு ஐந்து என்னும் விகிதத்தில் பங்கிட்டது. குடியரசுத் தலைவர் மரோனைட்டுக் கிறித்தவர், பிரதமர் சுன்னி முஸ்லிம், சட்டமன்றத் தலைவர் ஷியா முஸ்லிம் என்பது வழக்கமாயிற்று. மக்கட்டொகை மாறியது, பழைய கணக்கோ மாறவில்லை. புதிய கணக்கெடுக்க எவருக்கும் துணிவில்லை. இப்பூசலோடு பாலஸ்தீன அகதிகள் பிரச்சினையும் அயல்நாடுகளின் தலையீடும் சேர்ந்துகொள்ள, 1975 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது.

அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் சனிக்கிழமை. தம் தோழர் நால்வர் கொலையுண்டதற்குப் பழிவாங்கப் புறப்பட்ட கிறித்தவ ஆயுதக் குழுவினர், பெய்ரூத் நகர வீதிகளை மறித்து, வழிப்போக்கரின் அடையாளச் சீட்டுகளைக் கேட்டனர். அச்சீட்டில் சமயமும் எழுதியிருக்கும். முஸ்லிம் என்றிருந்தவர் பலர் அங்கேயே கொல்லப்பட்டனர். எதிர்த்தரப்பினரும் வாளா இருந்தாரில்லை. அவர்களும் வீதிகளை மறித்தனர், அதே சீட்டைக் கேட்டனர். 1976 ஜனவரியில் கரந்தினா என்னும் பகுதியில் முஸ்லிம் ஏழைகளும், இரண்டு நாள் கழித்துத் தாமூர் என்னும் ஊரில் கிறித்தவரும் படுகொலைக்கு ஆளாயினர். குற்றத்துக்குச் சமயம் இல்லை என்று பேசுவது எளிது. அங்கே குற்றம் ஒவ்வொரு சமயத்தின் பெயரையும் சூடிக்கொண்டது.

மாண்டவருக்குக் கல்லறையேனும் உண்டு. அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர் நிலை என்ன? அத்தகையோர் 17,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் தொகை. 1982 செப்டம்பரில் கணவரை இழந்த வதாத் ஹலவானி என்னும் பெண்மணி, தம்மைப் போன்றோரை ஓரிடத்தில் கூடுமாறு வானொலி வாயிலாக அழைத்தார். ஒரு சிலரே வருவர் என்று எண்ணத் தோன்றும். நூற்றுக்கணக்கான பெண்கள் வந்தனர். எல்லாச் சமயத்தாரும் அவர்களுள் இருந்தனர். காணாமற்போனோர் குடும்பங்களின் குழு அவ்வாறு பிறந்தது.

1990-இல் போர் ஓய்ந்தது. மறு ஆண்டே பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. அதில் ஒரு விலக்கு உண்டு, மாணவர்களே, அதை ஊன்றிக் கவனியுங்கள்: அரசியல், சமயத் தலைவர்களைக் கொன்ற குற்றத்துக்கு மன்னிப்பில்லை, சாதாரண மக்களைக் கொன்றதற்கு உண்டு! படைத் தலைவர்கள் பலர் அமைச்சர்களாயினர். 1995-இல் மற்றொரு சட்டம், காணாமற்போனோரை இறந்தவராகப் பதிவு செய்துகொள்ள உறவினருக்கு வழி வகுத்தது. பல தாய்மார் அதற்கு இணங்கவில்லை. எங்கே, எவரால், எப்போது என்று அறியாமல் தம் கையாலேயே மகனின் மரணத்தை எழுதித் தருவது எங்ஙனம்? 2005 முதல் பெய்ரூத் பூங்கா ஒன்றில் கூடாரம் அமைத்து, புகைப்படங்களோடு ஆண்டுக்கணக்கில் அவர்கள் அமர்ந்திருந்தனர்.

உறவினரின் கதியை அறியும் உரிமையை ஏற்று, அதற்கென ஓர் ஆணையம் அமைக்கும் சட்டம் 2018 நவம்பரில்தான் நிறைவேறியது. அதற்குள் அத்தாய்மாருள் பலர் காத்திருந்தே கண்மூடிவிட்டனர்.