சிங்கிள்புட் எந்த ஊர்?

கொளவாய் ஏரியை ஒட்டி ரயிலில் போகிறவர்களுக்குச் செங்கல்பட்டு ஒரு ஜங்ஷன். மருத்துவ ஆய்விதழ்களைப் புரட்டுகிறவர்களுக்கோ அது 'சிங்கிள்புட்'. பிசிஜி தடுப்பூசி பெரியவர்களைக் காசநோயிலிருந்து காக்குமா என்ற பேச்சு எந்த நாட்டில் எழுந்தாலும் இந்தப் பெயர் அடிபடும்.

மூலப் பெயர் செங்கழுநீர்ப்பட்டு. செங்கழுநீர் பூத்த நீர்நிலைகளால் வந்தது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கழுநீர் நடுவில் தேய்ந்து செங்கற்பட்டு, செங்கல்பட்டு என்றானது. இன்றைய வடிவத்தை நம்பிச் செங்கல் சூளையைத் தேடுவது வீண். 'புட்' வந்த கதைதான் வேடிக்கை. அந்தக் கால ஆங்கிலேயர் நம் அகரத்துக்கு 'யு' என்ற எழுத்தைப் போட்டார்கள். பஞ்சாபை இன்றும் அப்படித்தான் எழுதுகிறோம். 'பட்' என்று படிப்பதற்காக எழுதியதைப் பின்னால் வந்தவர்கள் 'புட்' என்று படித்தார்கள். சென்னைச் சேத்துப்பட்டுக்கும் இதே கதிதான். பிசிஜி ஆய்வின் வரலாற்றோடு பிரிக்க முடியாத காசநோய் ஆராய்ச்சி நிலையம் இருப்பது அந்தச் சேத்துப்பட்டில் என்பது தற்செயல். 1956-இல் தொடங்கிய அந்த நிலையமும் பெயர் மாறிமாறி 2011-இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிற்று.

இனி ஆய்வுக் கட்டுரைகளுக்கு வருவோம். ஊரை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை எழுந்தது. 1955-இல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. அங்கிருந்து வந்த பழைய கட்டுரைகளில் சிங்கிள்புட் என்றால் ஊர். திருமணி என்று வைத்துக்கொண்டால் பிசகில்லை.

பிசிஜி ஆய்வின் சிங்கிள்புட் வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 1968-இல் தொடங்கிய ஆய்வு அது. 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசியோ வெற்று ஊசியோ போட்டார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்க பிசிஜி உதவவில்லை என்று 1979-இல் வந்த முதல் அறிக்கை உலகை உலுக்கியது. 1999-இல் வந்த 15 ஆண்டு அறிக்கையும் அதையே சொன்னது. இரண்டின் தலைப்பிலும் இருப்பது 'தென்னிந்தியா'தான். சிங்கிள்புட் என்பது மற்றவர்கள் வழங்கிய பெயர். சிலர் மெட்ராஸ் ஆய்வு என்பார்கள்.

ஊசி போட்ட கிராமங்கள் திருவள்ளூர்ப் பக்கம் இருந்தன. அன்று அது செங்கல்பட்டு மாவட்டம். பின்னர் செங்கை எம்.ஜி.ஆர். என்று பெயர் மாறியிருந்த அந்த மாவட்டம் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து வந்த புதிய செங்கல்பட்டு மாவட்டத்தில் மாமல்லபுரம் கடற்கரை இருக்கிறது. அந்தக் கிராமங்கள் இல்லை.

இது ஏதோ வருவாய்த்துறைச் சங்கதி என்று விட்டுவிட முடியாது. பப்மெட் போன்ற மருத்துவத் தொகுப்புகளை விக்கித்தரவு, ஜியோநேம்ஸ் முதலான திறந்த இணைப்புத் தரவுகளோடு கோக்கும் வேலை உலகெங்கும் நடக்கிறது. கட்டுரையில் வரும் நோய், மருந்து, ஊர் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் உள்ள மற்றத் தகவல்களோடு பிணைப்பதே இதன் வழி. ரயில்வே செய்வதும் இதுதான்: பலகையில் பெயரை எப்படி எழுதினாலும் நிலையத்தின் குறியீடு சிஜிஎல். நிலையம் ஓரிடத்தில் நிற்பது, மாவட்டம் அப்படியல்ல. சிங்கிள்புட் என்ற சொல்லைக் கண்டதும் கணினி இன்றைய செங்கல்பட்டின் எண்ணை ஒட்டினால், ஆய்வு நடந்த இடத்திலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளிப் புள்ளி விழும்.

விழுந்தால் என்ன? பிசிஜி ஏன் இங்கே பலிக்கவில்லை என்பதற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணங்களுள் ஒன்று, காசநோய்க் கிருமிக்கு உறவான, மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிரிகள். ஆய்வுப் பகுதியின் மண்ணையே எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். இடம் மாறிவிட்டால், திருவள்ளூர்க் கிராமத்து மக்களின் நோய்க் கணக்கோடு மாமல்லபுரத்து உவர்மணலின் தகவல் போய்ச் சேரும். இன்னொரு சிக்கலும் உண்டு. பிசிஜி ஆய்வு மக்களிடம் தொழுநோயையும் கண்காணித்தார்கள். ஆகவே 'சிங்கிள்புட், தொழுநோய்' என்று ஒரு கட்டுரை சொன்னால் அது திருமணியாகவும் இருக்கலாம், திருவள்ளூராகவும் இருக்கலாம். உள்ளே படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாற்றுப் பெயர்களை அடுக்கினால் போதும் என்பது தரவுக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் தீர்வு. மாமல்லபுரம், மகாபலிபுரம் விஷயத்தில் அது சரி. எப்படி அழைத்தாலும் பாறை அங்கேயே இருக்கிறது. செங்கல்பட்டுக்குப் போதாது. ஊர், 1997-க்கு முந்தைய மாவட்டம், 2019-இன் மாவட்டம் என்று தனித்தனி எண்ணும், மாவட்டங்களுக்குத் தொடக்க, முடிவு ஆண்டுகளும் வேண்டும். விக்கித்தரவில் யாரும் திருத்தலாம். அந்தக் காலத்தில் ஊசிப்பெட்டியோடு கிராமம் கிராமமாகப் போன பணியாளர்களில் சிலராவது நம்மிடையே இருப்பார்கள். எந்தெந்த ஊர்கள் என்று அவர்களைக் கேட்டு எழுதி வைக்க, செங்கல்பட்டு, திருவள்ளூர்க் கல்லூரி மாணவர்கள் முன்வர வேண்டும்.