பூனைத் தட்டில் ஒரு பிடி கட்ச் மண்

நீள்பதிவு. பூனை வளர்ப்போரும், அவர்களைச் சகித்துக்கொள்வோரும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

புணேயில் நான் வாடகைக்கு இருக்கும் வீடு மூன்றாம் மாடியில் உள்ளது. மின்தூக்கி கிடையாது. காலையில் குப்பை எடுக்க வரும் அம்மையாரை எல்லோரையும்போல நானும் 'மாவ்ஷி' என்றே அழைப்பேன். தாயின் உடன்பிறந்தாளுக்கு மராத்தியில் அதுதான் பெயர். நம்மைப்போல் சித்தி, பெரியம்மா என்ற பிரிவு அங்கில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், பூனைத் தட்டிலிருந்து நான் அள்ளிக் கட்டியிருந்த பையைத் தூக்கிய மாவ்ஷி, அதை மீண்டும் தரையில் வைத்துவிட்டு, "உள்ளே என்ன, கல்லா?" என்றார். கல் இல்லை, மண் என்றேன். "மண்ணை விலை கொடுத்து மூன்று மாடி ஏற்றுகிறாய். பிறகு என்னை இறக்கச் சொல்கிறாயா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மண்ணை ஏன் விலைக்கு வாங்குகிறோம் என்ற கேள்வியை அதற்குமுன் நான் எழுப்பிக்கொண்டதே இல்லை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். மொழியியல் படித்தவரிடம் இந்தத் தொல்லை உண்டு. கடைகளில் இதனை 'லிட்டர்' என்கிறார்கள். தமிழில் எழுதினால் பால் அளக்கும் லிட்டரும் இதுவும் ஒன்றாகிவிடும், இரண்டுக்கும் உறவில்லை. பூனைக்குரிய லிட்டர், படுக்கை என்று பொருள்படும் 'லெக்டுஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழியில் வந்தது. படுக்கை என்பது விலங்குகளுக்குப் பரப்பும் வைக்கோல் என்றாகி, பின்னர் பரப்பிக் கிடப்பது, சிதறிக் கிடப்பது, குப்பை என்று இறங்கியது. இக்கட்டுரையில் 'பூனை மணல்' என்றே எழுதுகிறேன். அது மணல் அன்று என்பதுதான் இக்கதையின் தொடக்கம்.

பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் திரிந்த காட்டுப்பூனை. வறண்ட நிலத்து விலங்காதலால் நீரைச் சிக்கனப்படுத்தும் சிறுநீரகம் அதற்கு வாய்த்தது. அதன் சிறுநீர் செறிவு மிக்கது. அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா வெளிப்படுகிறது. தளர்ந்த மண்ணைக் கிளறிக் கழிவை மூடும் வழக்கமும் பூனையின் இயல்பிலேயே உண்டு. எனவே பூனை வீட்டுக்கு வெளியே போய்வந்த காலம்வரை இதில் மனிதருக்கு வேலையே இருக்கவில்லை. எங்கள் ஆச்சி வீட்டுப் பூனை கொல்லைப்புறத்துக் குப்பைக்குழிக்குப் போய்வரும். மழைநாளில் தவறித் திண்ணையில் இருந்துவிட்டால், ஆச்சி ஒரு கை அடுப்புச் சாம்பலைத் தூவி அள்ளி எறிந்துவிடுவாள். மேலைநாட்டு வீடுகளிலும் அதே சாம்பல்தான், அல்லது மணல், அல்லது மரத்தூள். எல்லாமே வேறொன்றின் மிச்சம், அல்லது வாசலிலேயே கிடைப்பது.

இந்த ஏற்பாடு குலைந்த இடத்தையும் மாதத்தையும் சுட்டிச் சொல்ல முடிகிறது. 1947 சனவரி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் காசோபோலிஸ் என்னும் சிற்றூர். கே டிரேப்பர் என்ற பெண்மணியின் வீட்டு மணற்குவியல் பனியில் உறைந்துவிட்டது. சாம்பலைப் பயன்படுத்தினால் பூனையின் கரிக்கால் தடங்கள் வீடெங்கும் பதிந்தன. அவர் அண்டைவீட்டு எட் லோவிடம் கொஞ்சம் மணல் கேட்டார். கடற்படைப் பணி முடித்துத் திரும்பியிருந்த லோ, தந்தையின் வணிகத்தில் இருந்தார். தொழிற்கூடங்களில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் பொருள்களை விற்பது அவர்கள் தொழில். மரத்தூளும் விற்றார்கள், 'ஃபுல்லர்ஸ் எர்த்' எனப்படும் களிமண்ணை உலர்த்தி நொறுக்கிய பருக்கைகளும் விற்றார்கள். மரத்தூள் தீப்பிடிக்கும் என்பதால் தொழிற்கூடங்களுக்குக் களிமண்ணே ஏற்றதாக இருந்தது. லோ கொடுத்தது அந்தக் களிமண்ணைத்தான். டிரேப்பர் மீண்டும் கேட்டு வந்தார். அவருடைய தோழியரும் கேட்டனர்.

லோ பத்துப் பைகளில் ஐந்தைந்து பவுண்டு நிரப்பி, 'கிட்டி லிட்டர்' என்று கையால் எழுதி, 65 சென்ட் விலைவைத்துக் கடைக்குக் கொண்டுபோனார். மணல் மலிந்துகிடக்கும் ஊரில் இதை யார் வாங்குவார் என்றார் கடைக்காரர். அப்படியானால் இலவசமாகக் கொடுங்கள் என்றார் லோ. இலவசமாகப் பெற்றவர்கள் திரும்பிவந்து விலை கொடுத்து வாங்கினர். 1990இல் அவர் தம் நிறுவனத்தை விற்றபோது கிடைத்த தொகை 20 கோடி டாலர். எனக்கு இதில் வியப்பளிப்பது பணம் அன்று. அந்த வணிகத்தில் மரத்தூளும் இருந்தது! இன்று 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்ற முத்திரையுடன் கூடுதல் விலைக்கு நமக்கு விற்கப்படும் அதே மரத்தூள். தொழிற்கூடத்தின் தீயச்சத்துக்காகத் தேர்ந்த ஒரு பொருள், அத்தகைய அச்சமில்லாத பூனைத் தட்டுக்கு வந்து, முக்கால் நூற்றாண்டாக அங்கேயே இருந்துவிட்டது.

'ஃபுல்லர்' என்பவர் கம்பளித் துணியை மிதித்து அடித்து எண்ணெய்ப்பசை நீக்கிய தொழிலாளி. ஃபுல்லர், டக்கர், வாக்கர் ஆகிய மூன்று ஆங்கிலக் குடிப்பெயர்களும் அந்த ஒரே தொழிலின் வட்டாரப் பெயர்களே. நம் வண்ணார் வெள்ளாவிக்குக் கொண்ட உவர்மண் இதனோடு சிலபோது குழப்பப்படுவதுண்டு. உவர்மண் தன் காரத்தால் அழுக்கைக் கழற்றுவது. ஃபுல்லர் மண்ணோ எண்ணெயைத் தானே உறிஞ்சிக்கொள்வது. நாம் முகத்தில் பூசும் முல்தானி மட்டி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

லோவின் மண் உறிஞ்சியதே தவிரத் திரளவில்லை. தட்டு முழுவதையும் அவ்வப்போது கொட்டி மாற்ற வேண்டியிருந்தது. 1980களில் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர் பென்டோனைட் களிமண்ணைப் பூனைத் தட்டுக்குக் கொணர்ந்தார். நுண்ணிய தகடுகள் அடுக்கியது போன்ற அமைப்புடைய கனிமம் அதில் மிகுதி. அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் பன்மடங்கு ஊதி, ஒட்டி, உருண்டையாகிவிடும். உருண்டையை மட்டும் அள்ளி எறிந்தால் போதும். வயோமிங்கில் கிடைத்த இம்மண்ணுக்கு, அங்குள்ள பென்டன் என்ற பாறை அடுக்கை ஒட்டி, 1898இல் புவியியலாளர் வில்பர் நைட் இட்ட பெயர் பென்டோனைட். அதற்கு முந்தைய ஆண்டு டெய்லரைட் என்று பெயரிட்டிருந்தார்; அப்பெயர் வேறொரு கனிமத்துக்கு உரியதென்று தெரிந்து மாற்றிக்கொண்டார்.

இந்தியாவில் பென்டோனைட் பெரும்பாலும் குசராத்திலும் இராசத்தானிலும் கிடைக்கிறது. என் பையின் பின்புறத்தில் இருந்தது கட்ச் மாவட்டத்து முகவரி. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த தக்காண எரிமலைப் பாறை, நெடுங்காலம் சிதைந்து மாறியதால் உண்டான மண் அது. என் சன்னலில் தெரியும் புணேக் குன்றும் அதே எரிமலைப் பாறைதான். அந்த மண்ணைத் திறந்தவெளிச் சுரங்கத்தில் மேல்மண்ணைப் பெயர்த்துத் தோண்டி, உலர்த்தி, அரைத்து, சலித்து, நெகிழிப் பையில் அடைத்து, ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். என் பூனை அதில் சில மணித்துளிகள் அமர்ந்து எழுகிறது. பிறகு அது குப்பைமேட்டுக்குப் போகிறது. மக்காது, எரியாது, மண்ணுக்கு உரமும் ஆகாது. நேர்மையாகச் சொல்வதானால், வார்ப்படச் சாலைகளும் எண்ணெய்க் கிணறு தோண்டுவோரும் பென்டோனைட்டுக்குப் பெருவாடிக்கையாளர்கள். நம் பூனைகள் நோன்பு இருந்தாலும் சுரங்கம் மூடப்படாது. ஆயினும் என் தட்டில் இருப்பதற்கு நான்தானே பொறுப்பு.

மாற்று என்று முதலில் கண்ணில் பட்டது பளபளக்கும் சிலிக்காப் பருக்கை. முதல் உலகப் போர்க்காலத்தில் நச்சுவாயு முகமூடிகளுக்குப் பயன்பட்ட பொருளின் உறவினர். எடை குறைவு, நாற்றம் அடங்கும். ஆனால் மணலை மிகுவெப்பத்தில் உருக்கித் தொடங்கும் உற்பத்தி அது, மக்கவும் மக்காது. அதனை விட்டுவிட்டேன்.

அடுத்தது டோஃபு மணல். சோயா அவரையை அரைத்துப் பாலெடுத்தபின் எஞ்சும் சக்கையை சப்பானியர் 'ஒகாரா' என்பர். அது உணவுமாகும், தீவனமுமாகும், ஆனால் விரைவில் கெட்டுவிடும். உரிய அனுமதியின்றி டோஃபு ஆலைகளிடம் கட்டணம் பெற்று ஒகாராவைச் சேகரித்துப் பதப்படுத்திய ஒருவர்மீது அங்கு வழக்கு நடந்தது. ஒகாரா பொருளா, கழிவா என்பதே கேள்வி. 1999இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது தொழிற்கழிவே என்று தீர்ப்பளித்தது. எளிதில் அழுகுவது, பெரும்பாலும் காசு கொடுத்தே அகற்றப்படுவது ஆகியன காரணங்களாயின. ஒரு சொல்லின் பொருளை நீதிபதிகள் இவ்வாறு உட்கார்ந்து அலசுவதைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். காசு கொடுத்து அகற்றியதை இன்று காசு கொடுத்து வாங்குகிறோம் என்பது ஒருபுறம். மறுபுறம், சக்கை தானாக உருண்டை பிடிக்காது. அதற்குப் பசை வேண்டும். இத்தகைய தாவர மணல்கள் பலவற்றில் சேரும் பசை குவார் கோந்து. குவார் வேறொன்றுமில்லை, நம் கொத்தவரை. உலகின் குவார் விளைச்சலில் பெரும்பங்கு இந்தியாவினுடையது. அதிலும் இராசத்தானமே முதன்மை. களிமண்ணைத் துறந்து தாவரத்துக்கு மாறினாலும் ஒட்டும் பொருள் அதே மேற்கிந்திய வறண்ட நிலத்திலிருந்துதான் வருகிறது! கொத்தவரை ஆண்டுதோறும் விளையும், மக்கும் என்பது மெய்யான வேறுபாடு. நான் பார்த்த டோஃபு மணற்பைகளோ சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவை.

'மக்கும்' என்ற சொல்லை நம்பி அடுத்து நாம் செய்யும் தவறு கழிப்பறையில் கொட்டுவது. டோஃபு மணற்பைகள் சில அதனைப் பெருமையாகவே பரிந்துரைக்கின்றன. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் குடலில்தான் பாலினப்பெருக்கம் செய்கிறது என்பது 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் உறுதியாயிற்று. அந்த ஆய்வுகளில் இந்தியாவில் பிறந்த கால்நடை அறிவியலாளர் ஜே. பி. துபேயின் பங்கு பெரிது. மலத்துடன் வெளியேறும் அதன் முட்டையுறை குளோரினுக்கு அழிவதில்லை. ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிர்த்திருக்கும். கலிபோர்னியக் கடற்கரையில் கடல்நீர்நாய்கள் இந்நோயால் இறப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். நிலத்திலிருந்து கடல் சேரும் நீரோட்டத்தின்மீது ஐயம் எழுந்தது. 2006இல் அம்மாநிலம், பூனைக் கழிவைக் கழிப்பறையில் விடாதீர் என்ற அறிவுறுத்தலைப் பூனை மணற்பைகளில் அச்சிடச் சட்டம் இயற்றியது. என் கழிப்பறைக் குழாய் முளா-முட்டா ஆற்றை நோக்கிப் போவது. அங்கே நீர்நாய்க்காகச் சட்டம் செய்தார்கள். இங்கே ஆற்றங்கரையில் வாழ்பவர் மனிதர். (கருவுற்ற பெண்கள் தட்டைத் தூய்மை செய்யாதிருப்பது நலம். முட்டையுறை தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும் என்பதால் நாள்தோறும் அள்ளிவிடுவது அனைவருக்கும் காப்பு. வெளியே வேட்டையாடாத, பச்சை இறைச்சி உண்ணாத பூனையிடம் ஆபத்து மிகக் குறைவு. பீதி வேண்டாம்.)

முடிவில் நான் சென்றடைந்தது மரத்தூள் உருளைகளிடம். தொழிற்சாலைக் கொதிகலன்களுக்கு எரிபொருளாக விற்கும், தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள். ஓர் எச்சரிக்கை: ஒட்டுப்பலகைத் தூளில் பசை வேதிப்பொருள் இருக்கும், கலப்பில்லாத மரத்தூளா என்று கேட்டு வாங்க வேண்டும். ஈரம் பட்டால் உருளை உதிர்ந்து தூளாகிவிடும். ஆதலால் சல்லடை அமைந்த இரட்டைத் தட்டு தேவை. உருண்டை திரளாது என்பது குறைதான். மிளகு (கருப்புப் பூனை, பெயர் அவ்வளவே) முதல் இரண்டு நாள் தட்டைப் புறக்கணித்து, என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் அச்சுப்படியைத் தேர்ந்தது. என் நெறியாளரின் கருத்தும் ஏறத்தாழ அதுவே என்பதால் நான் கடிந்துகொள்ளவில்லை. பழைய களிமண்ணில் சிறிது சிறிதாக உருளைகளைக் கலந்து, மூன்று வாரத்தில் முழுவதும் மாற்றினேன்.

சிறுநீர் தோய்ந்த தூளை மொட்டைமாடியில் ஒரு தொட்டியில் மக்கவிட்டுப் பூச்செடிகளுக்கு மட்டும் இடுகிறேன். கீரைக்கும் தக்காளிக்கும் ஒருபோதும் இல்லை. மலம் இன்னும் குப்பைக்குத்தான் போகிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளைப் படித்துப் பார்த்தேன். குழந்தைகளின் அணையாடையைச் சுற்றித் தரவேண்டும் என்றன அவை. பூனையைப் பற்றிப் பேச்சு இருக்கவில்லை. எனவே நானாகவே நாளிதழில் இருமுறை சுற்றி, மேலே தேவநாகரியில் 'மாஞ்சர்' என்று எழுதிக் கொடுக்கிறேன், பிரிப்பவர் கை அறியாமல் அதைத் திறந்துவிடக் கூடாதென்று. மாஞ்சர் மராத்தியில் பூனை. வடமொழி 'மார்ஜார'த்தின் வழிவந்தது. அதற்கு வேர், துடைத்தல், தூய்மை செய்தல் என்று பொருள்படும் 'ம்ருஜ்'. ஓயாமல் தன்னை நக்கித் துடைப்பதால் வந்த பெயர் என்பர். அதன் தட்டைத் துடைப்பவர் யார் என்பது பற்றி வேர்ச்சொல் பேசுவதில்லை.

சென்ற வாரம் மாவ்ஷி பையைத் தூக்கினார். ஒரு கணம் நின்று, கையில் ஆட்டிப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "பூனைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.