ரெண்டே ரெண்டு ஃப்யூஸ்

1948-ல் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் மைனர் காருக்கு மொத்தமே ரெண்டு ஃப்யூஸ்தான். ஒண்ணு ஹார்ன் மாதிரி எப்பவும் கரண்ட் இருக்கற அயிட்டங்களுக்கு. இன்னொண்ணு சாவி போட்டா மட்டும் வேலை செய்யற வைப்பர், பிரேக் லைட் வகையறாவுக்கு. அப்போ ஹெட்லைட்டுக்கு? கிடையாதுங்க! அந்த ஒயர் பாடியில உரசி ஷார்ட் ஆச்சுன்னா ஒயரே பத்திக்கும்.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்க வழிகாட்டி, லூகாஸ் கம்பெனி ஒயர்களுக்குக் கொடுத்த கலர்தான். பழுப்புன்னா பேட்டரியிலேர்ந்து நேரா வருது. வெள்ளை, சாவிக்கு அப்புறம். பச்சை, ஃப்யூஸுக்கும் அப்புறம். நீலம் ஹெட்லைட். கருப்பு எர்த்.

பச்சை லைன்ல ஃப்யூஸ் போயிட்டே இருக்கா? அதைக் கழட்டிட்டு அங்க ஒரு பல்பை மாட்டி, சாவியைப் போடணும். ஷார்ட் இருக்கற வரைக்கும் பல்பு பளிச்சுன்னு எரியும். பச்சை ஒயர்களை ஒவ்வொண்ணா கழட்டிட்டே வந்தா, எதைக் கழட்டினதும் பல்பு மங்குதோ, குற்றவாளி அந்தப் பக்கம்தான் :-)

சிக்கல் என்னன்னா, அதெல்லாம் துணி சுத்தின ஒயர். அம்பது வருஷ எண்ணெய் அழுக்குல பச்சையும் பழுப்பும் ஒரே கலராத் தெரியும். அதனாலதான் விஷயம் தெரிஞ்சவங்க, பழைய வண்டி கைக்கு வந்ததும் ஹெட்லைட் லைனுக்குத் தனியா ஃப்யூஸ் போட்டுடறாங்க.