வன்னிக் காய்ச்சலும் குருதிக் கோட்பாடும்

வன்னியைப் பற்றித் தமிழில் வெளிவந்த வரலாற்றெழுத்துக்களிற் பெரும்பாலானவை வன்னிமைகளின் தோற்றத்தையும் வீழ்ச்சியையுமே பொருளாகக் கொண்டவை. 1803இல் முல்லைத்தீவைத் தாக்கிய பண்டாரவன்னியனோடு அவ்வரலாறு முடிந்துவிடுவதும் உண்டு. அதன்பின்னர், உடைந்த குளக்கட்டின் கீழ் எஞ்சியிருந்து சேனை வெட்டியும் நெல் விதைத்தும் வாழ்ந்த கமக்காரனின் உடலை அவ்வெழுத்துக்கள் பெரும்பாலும் காண்பதில்லை. அவ்வுடலை ஆண்டுதோறும் நடுக்கிய காய்ச்சலுக்கும் ஒரு வரலாறு உண்டு. இலக்கிய மாணவராகிய நாம் மருத்துவத்தின் எல்லைக்குட் புகுவது அத்துமீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் ‘குருதி’, ‘குலம்’, ‘வலுவிழந்த இனம்’ ஆகிய சொற்கள் நோயாய்வின் பெயரால் மீண்டும் புழக்கத்துக்கு வரும்போது, சொற்களின் சமூகப் பிறப்பை ஆராய்வோர் வாளாவிருத்தல் பொருந்தாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நிருவாகிகளின் எழுத்துக்களில் வன்னி இருவகையாகத் தோன்றுகின்றது. ஒன்று, காய்ச்சலின் நாடு. மற்றொன்று, தேய்ந்துவரும் ஒரு குடியின் நாடு. 1881இல் கின்சி பறங்கிநோய் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். 1895இல் ஜே. பி. லூயிசின் வன்னி மாவட்டக் கையேடு வெளிவந்தது. லூயிசின் நூல் பெரும் உழைப்பின் விளைவு என்பதை மறுப்பதற்கில்லை; இன்றும் நாம் அதனை நாடாமல் வன்னியைப் பற்றி எழுதவியலாது. எனினும் அக்கால ஆட்சியாளரின் பொதுவான சிந்தனையில் நோய் நிலத்தின் இயல்பாகவும், நோய்க்கு ஆட்படுதல் மக்களின் இயல்பாகவும் கொள்ளப்பட்டன. அவ்வாறு கொள்ளுதல் வசதியானது. இயல்புக்கு எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை அன்றோ?

உண்மையிற் குளங்களின் அழிவு இயற்கையின் செயலன்று. நெடுங்காலப் போர்களும் குடிபெயர்வும் அதற்குக் காரணமாயின. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டமையும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலது. அம்முறை நிலமானிய ஒடுக்குமுறையே என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒழிந்தபோது, ஊர் கூடிக் கட்டுத்திருத்தும் பழைய ஏற்பாட்டுக்குப் பதிலாக எதுவும் வைக்கப்படவில்லை. கோப்பித் தோட்டங்களை நோக்கிப் பாய்ந்த மூலதனத்துக்கு வன்னிக் குளங்கள் தேவைப்படவில்லை. ஆள் குறைந்த ஊரில் வயல் காடாகியது. ஆறுகள் வற்றித் தேங்கிய குட்டைகள் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்புக்கு இடமாயின.

குருதிக் கோட்பாட்டைச் சோதிக்க வரலாறே ஒரு வாய்ப்பை அளித்தது. 1934இல் தென்மேற் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. 1934-35 காலத்து மலேரியாப் பெருங்கொள்ளையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பேரழிவின் மையம் கேகாலை, குருநாகல் போன்ற பகுதிகளாகும். ‘காய்ச்சலின் நாடு’ எனப்பட்ட வறண்ட வடபகுதி அம்மையமாக இருக்கவில்லை. காரணம் எளிது. நோய் நிலைகொண்ட இடத்தில் அதனைக் குழந்தைப் பருவத்திலேயே வென்று எழுந்தோர் ஓரளவு நிர்ப்பீடனம் பெற்றிருந்தனர். அந்நிர்ப்பீடனத்தின் விலை சிசுமரணம் என்பதையும் மறத்தலாகாது. சூரியமல் இயக்கத்தினர் நிவாரணத்துக்காகக் கிராமங்களுக்குட் சென்றபோது கண்டது நோயை மட்டுமன்று, பட்டினியையுந்தான். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதன் பின்னணியில் இவ்வனுபவம் உண்டு.

எனின், பரம்பரைக்கு நோயில் எவ்விதப் பங்கும் இல்லையா? அவ்வாறு கூறுவது பொருள்முதல்வாதம் ஆகாது. அது வெறும் மறுப்பு. இவ்விடத்து ஜே. பி. எஸ். ஹால்டேனை நினைவுகூர்தல் தகும். மார்க்சியராக அறியப்பட்ட இவ்வுயிரியலாளர் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேசுவரத்திற் காலமானார். தலசீமியா எனும் பரம்பரைக் குருதிநோய் மத்தியதரைக் கடற்பகுதியில் ஏன் இத்துணை மிகுதியாக நிலைத்திருக்கின்றது என்ற வினாவுக்கு, 1949இல் வெளிவந்த ஆய்வுரையில் அவர் ஒரு விடையை முன்வைத்தார். அவ்விகாரத்தைத் தாய், தந்தை ஆகிய இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தை கடுஞ்சோகைக்கு உள்ளாகின்றது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரோ மலேரியாவுக்குக் கூடுதலாக ஈடுகொடுக்கக்கூடும். ஆகவே மலேரியா நிலவும் நாட்டில் இயற்கைத் தேர்வு அவ்விகாரத்தை அழியவிடாது என்பது அவர் கருத்து. 1954இல் அலிசன் ஆபிரிக்காவில் அரிவாட்கல நோயை ஆராய்ந்து இதனையொத்த முடிவை அடைந்தார்.

இதன் தாக்கத்தைச் சற்று நின்று நோக்குவோம். குருதி நோயை ஆக்கியது என்றனர் பழைய நிருவாகிகள். ஹால்டேனின் வழியில் நோக்கினால் நோயே பல தலைமுறைகளாகக் குருதியை ஆக்கியிருக்கின்றது. அந்நோயோ காடு வெட்டுதல், நீர் தேக்குதல், பயிரிடுதல் ஆகிய மனித உழைப்பின் வழியாகப் பரவியது. ஈமோகுளோபினின் அமைப்பு உழவின் வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை.

இலங்கையின் தலசீமியா நோயாளரைப் பற்றி 2000ஆம் ஆண்டில் லான்செற் இதழில் வெளிவந்த ஆய்வு 23 விகாரங்களை இனங்கண்டது. அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் ஒன்று, தமிழ்நாடு உட்பட இந்தியத் துணைக்கண்டமெங்கும் மிகுதியாகக் காணப்படுவதும் ஆகும். சிங்களவர் குருதி, தமிழர் குருதி என இரு தூய குருதிகளைக் கற்பித்து வளர்க்கப்பட்ட இனவாதங்களுக்கு இச்செய்தி உவப்பானதன்று. தென்கிழக்காசியாவிலும் வங்கத்திலும் பெருகியுள்ள ஈமோகுளோபின் ஈ எனும் வகையும் இலங்கையில் உண்டு. குருநாகலிலும் அநுராதபுரத்திலும் மாதந்தோறும் குருதியேற்றத்துக்காகக் காத்திருக்கும் குழந்தைகளின் செங்குழியங்களில், பல திசைகளிலிருந்தும் வந்து கலந்தோரின் சுவடும் பழைய மலேரியாவின் சுவடும் ஒருங்கே உள்ளன.

மலேரியாவின் பிற்கால வரலாறு பலரும் அறிந்ததே. இரண்டாம் உலகப் போரை அடுத்து டி.டி.ரி. தெளிக்கப்பட்டது, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். தெளிப்பு நிறுத்தப்பட்டது, அப்பத்தாண்டின் இறுதியில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. நோய் தணிந்த இடைவெளியிலேயே இரணைமடுவின் கீழ்க் குடியேற்றங்கள் பெருகின. 1977இன் வன்செயலுக்குப் பின்னர் வன்னிக்கு வந்த மலையகத் தமிழர்களோ, மலேரியா நிலைகொள்ளாத குளிர்ந்த மலைகளில் வாழ்ந்தவர்களையும் உள்ளடக்கியவர்கள். அவர்களுக்குக் காட்டோரத்துக் காணி கிடைத்தது, நிர்ப்பீடனம் கிடைக்கவில்லை. நாட்டினுள்ளேயே தொற்றிய இறுதி மலேரியா 2012 அக்டோபரிற் பதிவாகியது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. வன்னியரின் பரம்பரையலகுகள் அதற்கிடையில் மாறிவிடவில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

குருதிக் கோட்பாடு இத்துடன் முற்றுப்பெற்றிருக்குமாயின் இக்கட்டுரைக்குத் தேவை இராது. 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தின் மதவாச்சி, பதவியா முதலிய பகுதிகளில் காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் கமக்காரரைப் பற்றியது. அதனை அடுத்துள்ள வவுனியா மாவட்டமும் அதற்கு உட்பட்டது. நீரின் வன்மை, புளோரைட்டு, கட்மியம், களைநாசினி, வெயில் எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. கிளைபொசேற்றுக்கு 2015இல் விதிக்கப்பட்ட தடை பின்னர் நீக்கப்பட்டது. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எஸ்.எல்.சி.13.ஏ.3 எனும் பரம்பரையலகின் ஒரு வேறுபாட்டுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டெனக் கண்டு, நோய்ச்சுமையில் அதன் பங்கை 50 வீதமாகக் கணித்தது.

இக்கணிப்பைப் பாதி குருதி, பாதி நீர் என வாசிப்பது பெருந்தவறு. இத்தகைய பங்குகள் கூட்டி நூறாக வேண்டியவை அல்ல. பரம்பரையலகும் சூழலும் ஒன்றாய்ச் செயற்படும்போது, சூழலை மட்டும் மாற்றினாலே நோய் முழுவதும் நீங்குதல் கூடும். அவ்வாய்வே சமூக, சூழற் காரணிகளையும் சேர்த்தே ஆராய்ந்தது; அதனைக் குறுக்கி வாசிப்போரிடமே தவறு உள்ளது. எல் சல்வடோரிலும் நிக்கராகுவாவிலும் கரும்பு வெட்டும் தொழிலாளரை இதனையொத்த சிறுநீரக நோய் வாட்டுகின்றது. அவர்களுக்கும் வவுனியாக் கமக்காரனுக்கும் குலவழி உறவு கற்பிக்க எவராலும் இயலாது. நண்பகல் வெயிலில் நீரின்றிச் செய்யும் உழைப்பு இரு சாராருக்கும் பொதுவானது. நிக்கராகுவாவில் அத்தொழிலாளருக்கு நிழலும் ஓய்வும் குடிநீரும் முறையாக வழங்கப்பட்ட இடத்திற் சிறுநீரகச் சேதம் குறைந்தது. அங்கு அவற்றை வழங்குமாறு கேட்க ஒரு முதலாளி இருக்கின்றார். விதைநெல்லும் உரமும் கடனுக்கு வாங்கித் தன் சொந்தத் துண்டுக் காணியிலே தன்னைத் தானே வாட்டிக்கொள்ளும் வன்னிச் சிறுகமக்காரன் எவரிடம் கேட்பான் என்ற வினா, அவனது பரம்பரையலகை ஆராய்வோரின் முன்னும் வைக்கப்படவேண்டியதாகும்.